சட்டியின் மூச்சு

நான் நாகப்பட்டினத்துக்காரி. எங்கள் வீட்டுச் சமையலென்றால் மீன்தான். கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைகாட்டும் விருந்தாளி. குழம்பு கொதித்ததும் மீனைப் போட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டுக் கைகழுவப் போய்விடலாம். கல்யாணமாகி ஊட்டிக்கு வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களோடு இந்தப் பத்து நிமிட அவசரத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கணவருக்கு அங்கே ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் வேலை. காந்தலில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரப் பெரியம்மா. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மலையேறியவர். ஐப்பசியில் குளிர் இறங்கத் தொடங்கினால் அவர் வீட்டுப் பின்கட்டில் விறகடுப்பு மூளும். ஆட்டுக்கால் சூப், பாயா, நாட்டுக்கோழி ரசம், எலும்புக் குழம்பு என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் செய்து கொடுப்பார். தூக்குவாளியோடு வந்து நிற்பவர்களை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

வந்த இரண்டாவது வாரமே கணவரோடு வேலை பார்க்கும் நான்கு பேரைச் சாப்பிட அழைத்துவிட்டேன். மட்டன் குழம்பு. குக்கரின் கேஸ்கட் போய்விட்டிருந்ததால் சட்டியிலேயே வைத்தேன். அம்மா சட்டியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும் என்பது என் கணக்கு. ஒரு மணி நேரம் ஆனது. கறி ரப்பராக இருந்தது. தீயைக் கூட்டினேன். தண்ணீர் குதித்துக் குதித்து வற்றியது. மறுபடியும் ஊற்றினேன், மறுபடியும் வற்றியது. இரண்டாவது மணி நேரம் முடிந்தபோது வேறு வழியில்லாமல் பரிமாறினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தாடைகள் மட்டும் வேலை செய்தன. அவர்களில் ஒருவர், மென்று முடியாத துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். ஏழு துண்டுகள். இன்றைக்கும் எண்ணிச் சொல்வேன்.

போதாக்குறைக்கு, குழம்பு தட்டுக்கு வந்த ஐந்தாவது நிமிடம் மேலே வெள்ளையாகப் படலம் கட்டிவிட்டது. குளிரில் ஆட்டுக் கொழுப்பு உறைந்து, மெழுகு பூசினாற்போல உதட்டில் ஒட்டியது. எங்கள் ஊர் வெக்கையில் கொழுப்பு உறைந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை மிச்சக் குழம்போடு சட்டியைக் கழுவ இறங்கினேன். பெரியம்மா எட்டிப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"என்னம்மிணி, கறிய வேக வெச்சியா, குளிப்பாட்டி உட்டியா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் கவனிக்காதவர்போல, "நாளைக்கிக் காலைல ஆறு மணிக்குக் கீழ வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரிடம் நான் சேர்ந்தது அப்படித்தான்.

அன்று இரவு கணவர் விளக்கம் சொன்னார். கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, 93 டிகிரியை ஒட்டியே கொதி வந்துவிடும். திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது. எவ்வளவு விறகைத் திணித்தாலும் ஆவிதான் கூடும். இதை விருந்துக்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். நீ கேட்கவில்லையே என்றார். பெரியம்மாவுக்கு இந்த டிகிரிக் கணக்கெல்லாம் தெரியாது. "அடுப்பு எரியறதும் கறி வேகறதும் ஒண்ணில்ல" என்றார், அவ்வளவுதான்.

முதல் மூன்று வாரம் சட்டியைத் தொடவே விடவில்லை. ஆட்டுக்கால் வாட்டுவதுதான் என் வேலை. கடையில் வாட்டிச் சுத்தம் செய்த காலே கிடைக்கும். அவர் வாங்க மாட்டார். வாட்டுவது என்றால் சுடுவதல்ல என்பதே எனக்குப் புரிய நாளானது. சீகை விறகு எரிந்து தணலானபின், தீநாக்கு தொடாத உயரத்தில் காலை இடுக்கியால் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மயிர் சுருண்டு பொசுங்கும். அந்த நாற்றம் நம் தலைமுடியில் ஏறினால் இரண்டு நாளைக்கு இறங்காது. பிறகு தோல் இறுகிப் பொன்னிறத்துக்கு வரும். குளம்பு தளர்ந்து ஒரு திருகலில் கழன்றுவிடும். அப்போது கத்தியின் முதுகால் சுரண்டினால் சரக் சரக்கென்று காய்ந்த சத்தம் வர வேண்டும். ஈரச் சத்தம் வந்தால் மயிரின் அடிக்கட்டை இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், வெங்காயம் உரித்தபடி, காதாலேயே சொல்லிவிடுவார்: "அது இன்னும் ஆவுல."

கை கடுக்கிறது என்று ஒருநாள் விறகு எரிந்துகொண்டிருக்கும்போதே காட்டினேன். வேலை சட்டென்று முடிந்தது. தோல் அங்கங்கே கருத்திருந்தது; மஞ்சள் தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. எட்டுக் கால், நாலு லிட்டர் தண்ணீர், ஐந்து மணி நேர விறகு. எல்லாம் முடிந்து வாயில் வைத்தால் தொண்டையில் போய்க் கசந்தது. அன்று வந்த தூக்குவாளிகளை எல்லாம் பெரியம்மா கைகூப்பித் திருப்பி அனுப்பினார். என்னைத் திட்டவில்லை. ஒரு டம்ளர் நிறைய ஊற்றி என் முன்னால் வைத்தார். "குடி. நாக்குக்குத் தெரிஞ்சாத்தான் கைக்குத் தெரியும்." முழுவதையும் குடித்தேன்.

கார்த்திகை முதல் தேதி அவருடைய மகன் சபரிமலைக்கு மாலை போட்டார். வீட்டில் கவிச்சி வாசனையே கூடாது. புல்லில் உறைபனி விழத் தொடங்கி, இந்த ஊரில் சூப் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காத காலத்தில், கறிச் சட்டிகள் பரணுக்குப் போய்விட்டன. பாடமும் நின்றது என்று நினைத்தேன். பெரியம்மா சிறு உரலை என் பக்கம் தள்ளினார். அந்த நாட்களில் தினமும் மிளகு ரசம் வைத்தேன்.

கறி இல்லாத ரசத்தில்தான் மிளகைக் கற்றுக்கொண்டேன் என்பது வேடிக்கைதான். நான் மிளகை மாவாக இடித்து முதலிலேயே கொட்டுவேன். கொதிக்கக் கொதிக்க மணம் எல்லாம் ஆவியோடு போய், காரமும் கசப்பும் தங்கிவிடும். கறி இருந்தால் அந்தக் கசப்பு கொழுப்புக்குள் ஒளிந்துகொள்ளும். வெறும் ரசத்தில் ஒளிய இடமில்லை. ரவைக்கும் குறுணைக்கும் நடுவில் இடித்து நிறுத்த வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் மணல்போல நெருட வேண்டும், வழுக்கினால் போச்சு. இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் போட வேண்டும். இது பிடிபட இருபது நாளுக்கு மேல் ஆனது. சின்ன விஷயம்தானே என்று படிப்பவர்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஐந்தாறு நாள் வரை.

மார்கழிக் கடைசியில் அவர் மகன் மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றினார். பரணிலிருந்து சட்டி இறங்கியது. தலைக்குந்தாவில் புல்வெளியெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது என்று பால்காரர் சொன்ன காலை அது. வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக இருந்தது. அடுப்போரம் வைத்து உருக்கினோம். அன்றுதான் நாட்டுக்கோழி ரசம் வைக்க என்னை அனுமதித்தார். ஆர்டருக்கு அல்ல, வீட்டுக்கு.

ஒன்றேகால் கிலோ கோழி, மூன்று லிட்டர் தண்ணீர், தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள். பழைய புத்தி போகவில்லை. கொதி வந்ததும் பெரியம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து விறகை உள்ளே தள்ளினேன். அவர் திரும்பி வந்தபோது சட்டி தளபுளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ரசம் பால் கலந்ததுபோல வெளுத்துப்போயிருந்தது. கொழுப்பு நீரோடு அடித்துக் கலக்கப்பட்டுவிட்டால் அதைப் பிரித்து எடுக்க முடியாது. வடிகட்டினேன், துணியில் வடிகட்டினேன், அப்படியேதான் இருந்தது.

பெரியம்மா விறகை வெளியே இழுத்தார். "சட்டி மூச்சு உடோணும் அம்மிணி. மூச்சு வாங்கக் கூடாது." பிறகு சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை எடுத்து முன்னறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதன்பின் அந்தச் சமையல்கட்டில் நான் நேரம் பார்த்ததில்லை.

மூச்சு என்றால் என்ன என்று பார்க்க, மறுநாள் அடுப்பருகே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். தீ சரியாக இருந்தால் ரசத்தின் மேற்பரப்பு அசையாமல் கிடக்கும். ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு குமிழி எழுந்து, யோசித்து, உடையும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. முதலில் சாம்பல் நிறத்தில் நுரை ஒதுங்கும். அதைக் கரண்டியால் கிண்டாமல் அள்ளி எடுக்க வேண்டும். பிறகு மஞ்சளாகச் சின்னச் சின்ன வட்டங்கள் மேலே மிதக்கத் தொடங்கும். அதுதான் கோழிக் கொழுப்பு. அப்படியே விட்டால் கனமான ரசம். வேண்டாமென்றால்?

"ராத்திரிக்குத் திண்ணைல வை" என்றார். தட்டால் மூடி, குரங்குக்குப் பயந்து அம்மிக்குழவியை மேலே வைத்தேன். பக்கத்திலேயே ஆட்டுக்கால் சூப்புச் சட்டி. விடிந்ததும் திறந்தேன். கோழிச் சட்டியில் கொழுப்பு நெய்போல இளகலாக, மஞ்சளாக ஒதுங்கியிருந்தது, கரண்டியால் வழித்தேன். ஆட்டுக்கால் சட்டியில் வெள்ளைத் தட்டு ஒன்று மூடி போட்டாற்போல இறுகிக் கிடந்தது. விளிம்பில் கத்தியைக் கொடுத்து நெம்பியதும் முழுதாகக் கழன்று வந்தது. அதன் அடியில் பனங்கிழங்கு நிறத்தில், தொட்டால் நடுங்கும் கூழ். விருந்தாளிகளின் உதட்டில் ஒட்டிய அதே கொழுப்பு, இப்போது என் உள்ளங்கையில் ஒரு தட்டாக இருந்தது. சட்டியைத் திண்ணையில் வைத்ததைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை. குளிர் செய்த வேலை.

அந்தக் காலையில்தான் எனக்குப் பிடிபட்டது. வலுவான சாப்பாடு, லேசான சாப்பாடு இரண்டும் ஒரே சட்டியில்தான் இருக்கின்றன. கொழுப்பை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் வித்தியாசம். கூழைச் சுடவைத்து, மிளகு சீரகம் போட்டால் காய்ச்சல்காரருக்கும் ஆகும் சூப். அதே கூழில், எடுத்துவைத்த கொழுப்பில் ஒரு கரண்டியை உருக்கிப் பட்டை, சோம்பு தாளித்து, வெங்காயத்தைச் சுருள வதக்கி, தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றினால் இடியாப்பத்துக்குப் பாயா. அதைச் சாப்பிட்டவர் மத்தியானம் வரை பசி என்று சொல்ல மாட்டார்.

சுருள வதக்குவதையும் கைதான் சொல்லித் தந்தது. வெங்காயமும் தக்காளியும் குழையும்போது கரண்டி கனக்கும், சட்டியோடு மல்லுக்கட்டும். வதக்கிக்கொண்டே இருந்தால் ஒரு நொடியில் பிடி தளர்ந்து கரண்டி வழுக்கும். எண்ணெய் கக்குவது கண்ணுக்குத் தெரிவதற்குள் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். கால் வெந்த பதமும் அப்படித்தான்: சூப்பில் ஒரு சொட்டெடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்தால், பாகுப் பதம்போல ஒட்டி இழுபட வேண்டும்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு எஸ்டேட் குடும்பத்துக்கு முப்பது பேருக்குப் பாயா. பெரியம்மாவுக்கு முட்டிவலி, முக்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வாட்டியதிலிருந்து இறக்கியதுவரை நான்தான். ருசி பார்க்கக் கரண்டியை நீட்டினேன். வாயில் விட்டுக்கொண்டு, "மூடி போடு, ஆறிரும்" என்றார். அவர் வாயிலிருந்து திருத்தம் வராத முதல் சட்டி அது. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தத் தைப் பொங்கலுக்கு நாகப்பட்டினம் போனோம். மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் அம்மாவை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, சொந்தக்காரர் பதினான்கு பேருக்கும் நானே நாட்டுக்கோழி ரசம் வைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். தீ சன்னமாக, ஓரத்தில் ஒரு குமிழி. ஊட்டியில் எடுத்துக்கொள்ளும் அதே மூன்று மணி நேரம். மூடியைத் திறந்தால் கோழியைக் காணோம். எலும்பெல்லாம் தனியே அடியில் கிடந்தது. கறி நார் நாராகப் பிரிந்து ரசம் கஞ்சியாகிவிட்டிருந்தது. ராத்திரி திண்ணையில் வைத்துக் கொழுப்பை எடுக்கலாமென்றால், கடற்காற்றில் அது எங்கே உறைவது? அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எல்லோரும் அதையே சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

பெரியம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவரும் இருமி இருமிச் சிரித்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, கறியத் தொட்டுப் பாத்தியா, கடியாரத்தப் பாத்தியா?"

கடிகாரத்தைத்தான் பார்த்திருந்தேன்.