ஓசன்னா – ஒரு திரைப்பாடலும் எங்கள் ஐயமும்

கிட்டாரும் டிரம்ஸும் முழங்க, ‘ஓசன்னா’ என்றொரு காதல் பாட்டு உண்டு. எங்களில் பலர் பிறந்த 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ படத்தில் வருவது. இசை ஏ. ஆர். ரகுமான், பாடலை இயற்றியவர் கவிஞர் தாமரை. கடத்தூரிலிருந்து தருமபுரி செல்லும் பேருந்தில் அதைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். குருத்தோலை ஞாயிறன்று ஓலை ஏந்தி நாம் பாடும் சொல், திருப்பலியில் முழந்தாளிடுமுன் பாடும் சொல், ஒரு பெண்ணைக் கண்டு மயங்கிய வாலிபனின் வாயில் வரலாமா?

இவ்வையம் எங்களுக்கு மட்டும் எழுந்ததன்று. அப்படம் 2012இல் இந்தியில் வந்தபோது, புனிதச் சொல்லைக் காதல் பாட்டில் வைக்கலாகாது என்று மும்பையில் ஒரு கத்தோலிக்க அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. எங்கள் வகுப்பிலும் இரண்டு கட்சி உண்டு.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடமே கேட்டுவிட்டோம். அவர்கள் கோபிக்கவில்லை. திருப்பாடல் 118ஐ எடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஓசன்னா என்பது எபிரேயச் சொல்லாம். முதலில் அது வாழ்த்தே அன்று. “காப்பாற்றும், வேண்டுகிறோம்” என்னும் மன்றாட்டு. பின்னாளில்தான் மகிழ்ச்சி ஆரவாரமாயிற்று. எருசலேம் வீதியில் மரக்கிளைகளைப் பரப்பிய மக்களின் குரலில் இரண்டும் கலந்திருந்திருக்கும் அல்லவா?

இதை அறிந்தபின் பாட்டின் பொருள் ஆழமாகிறது. கார்த்திக் துள்ளலோடுதான் பாடுகிறான். ஆனால் அவன் விரும்பும் ஜெஸ்ஸி மலையாளக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், அவனோ இந்து. அவளுடைய தந்தை கண்டிப்பானவர். கைக்கு எட்டாததை விரும்புகிறவனின் மகிழ்ச்சிக்குள்ளே மன்றாட்டும் இருக்கத்தானே செய்யும்?

எங்களுக்கோ அவனைவிட ஜெஸ்ஸிதான் நெருக்கம். படம் பார்த்த அண்ணன்மார்கள் அவளையே திட்டுகிறார்கள். மனம் ஒரு நிலையில் இல்லாதவளாம்! அப்பாவின் முகத்தை நினைத்து ஓரடி பின்வாங்கி, தன் மனத்தை நினைத்து ஓரடி முன்வைப்பவளின் பாடு அவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊர் வீடுகளில் ‘காதல்’ என்று சற்று உரக்கச் சொன்னால் போதும், அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். (பெற்றோர் பொறுத்தருள்க.)

தெலுங்கில் எடுத்த படத்தில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள், தமிழில் பிரிகிறார்கள். தமிழ் முடிவே மெய்யானது என்று எங்களில் பெரும்பாலோர் வாதிட்டோம். சிஸ்டரோ முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அந்தப் பெண்ணின் பக்கம் நின்று அப்பாவிடம் உட்கார்ந்து பேச வீட்டில் ஒருவருமே இல்லையா?” என்று மட்டும் கேட்டார்கள். எங்களில் ஒருத்தியும் உடனே விடை சொல்லவில்லை.