கயிற்றின் மேற் பழி

பிழை ஓரிடத்தும் பழி வேறிடத்துமாய் நிற்றல் உலகில் அரிதன்று. இதனை எனக்கு நன்கு விளங்கச் செய்தது எங்கள் வீட்டுப் புல்வெட்டும் இயந்திரமே.

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தை அடுத்துள்ளது எங்கள் சிற்றூர். பிறருடைய ரப்பர்த் தோட்டங்களிற் களை வெட்டிக் கூலி பெறுதல் என் தந்தையாரின் தொழில். அக்கூலியிலிருந்தே என் கல்லூரிச் சம்பளமும் கட்டப்பெற்றது. 2023-ம் வருஷம் ஐப்பசி விடுமுறையில் வீடு சென்றிருந்த யான், ஓரிரவு அவருக்கு உதவுவதாய் எண்ணி இயந்திரத்தைத் துடைத்து, இடத்தை அடைக்காதிருக்கும் பொருட்டு மூலையிற் கவிழ்த்து வைத்தேன்.

விடியற்காலையில், அவர் புறப்படுமுன் அதனை ஓட்டிப் பார்க்க விரும்பிக் கயிற்றை இழுத்தேன். அது ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. கயிறு சிக்கிக்கொண்டதெனத் தீர்மானித்து, இயந்திரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு முழு வலிமையோடும் இழுத்தேன். கைப்பிடியருகே கயிறு அற்று உள்ளே ஓடி மறைந்தது. யானோ பின்புறம் விழுந்தேன்.

"அப்பா, இந்தக் கயிறு இற்றுப்போயிற்று" என்றேன்.

அவர் மறுமொழி கூறாது திருகாணிகளைக் கழற்றிக் கயிறிருந்த மூடியைத் தனியே எடுத்தார். அதனுள் கயிறு சுற்றிய உருளையும், கடிகாரத்தில் உள்ளது போன்ற சுருள்வில்லும் இருந்தன. கயிற்றை இழுக்குங்கால் சிறு கொக்கிகள் எஞ்சினைப் பற்றிச் சுழற்றும். விட்டவுடன் வில் கயிற்றை மீளச் சுற்றிக்கொள்ளும். கயிறு மீளாவிடின் வில்லை நோக்கவேண்டும். கயிறு வந்தும் எஞ்சின் சுழலாவிடின் கொக்கிகளை நோக்கவேண்டும். கயிறே வராவிடின் என் செய்வது?

"இரண்டையும் பிரித்து வைத்துத் தனித்தனியே விசாரிக்க வேண்டும், மக்களே" என்றார்.

உருளையைக் கையாற் சுழற்றினார்; தடையின்றிச் சுழன்றது. எஞ்சினைச் சுழற்றினார், அசையவில்லை. பின்பு பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்லச் சுழற்றவே, அத்துவாரத்தின் வழியே எண்ணெய் பீறிட்டு வந்தது. கவிழ்ந்து கிடந்த இரவில் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தது. காற்றைப் போல் எண்ணெய் அழுத்தத்திற் சுருங்குவதன்று; ஆதலின் பிஸ்டன் மேலேற இடமின்றி நின்றுவிட்டது.

"இராத்திரி இதைக் கவிழ்த்து வைத்தது யார்?" என்று வினவினார்.

கயிற்றின்மேல் யான் சுமத்திய பழி திரும்பி வந்து என்முன் நின்றது. "நான்தான், அப்பா" என்றேன்.

அவர் சினங்கொள்ளவில்லை. எண்ணெயை வடித்துப் பிளக்கைத் துடைத்து மாட்டினார். குறைந்த எண்ணெயை நிரப்பினார். வில் இறுகுமாறு உருளையைச் சில சுற்றுச் சுற்றி, அது திரும்பாதபடி என் பெருவிரலால் அழுத்திப் பிடிக்கச் செய்து, எஞ்சிய கயிற்றைத் துளைவழியே வாங்கிக் கைப்பிடியில் முடிந்தார். மூன்றாம் இழுப்பில் எஞ்சின் வெண்புகை கக்கிக்கொண்டு ஓடிற்று. கயிறு முன்னிலும் குட்டையாயினும் தன் வேலையைக் குறைவறச் செய்தது.

ஆயினும் பொழுது ஒன்பது மணியைக் கடந்துவிட்டது. அன்று அவருக்கு அரைநாட் கூலியே கிடைத்தது. மற்றை அரைநாட் கூலியை என் கல்லூரிச் சம்பளத்தோடு சேர்த்தே யான் இன்றும் கணக்கிட்டு வருகின்றேன்.