கணக்கு நோட்டில் ஒரு பிரதமர்

ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போட எங்கள் தெருவில் ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழ தாளுக்குத்தான் மவுசு. என் கணக்கு நோட்டுக்கு வாய்த்தவர் சோவியத் பிரதமர் அலெக்ஸி கோசிகின். ஒரு வருஷம் முழுக்கப் பார்த்தேன், மனுஷர் சிரிக்கவே இல்லை. என் மார்க்குகள்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு காரணங்கள் இருந்ததை ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன்.

1904-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். டெக்ஸ்டைல் எஞ்சினியர். 1941-ல் ஹிட்லர் படை உள்ளே நுழைந்தபோது 1,500-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைக் கழற்றி, ரயிலேற்றி, கிழக்கே அனுப்பிய குழுவில் முக்கியமானவர். முற்றுகையில் சிக்கிய லெனின்கிராடிலிருந்து, உறைந்துபோன லடோகா ஏரி வழியாக ஜனங்களை வெளியேற்றும் வேலையையும் கவனித்தார்.

கிடைத்த பரிசு? 1949-ல் ஸ்டாலினின் சந்தேகம் லெனின்கிராடுக்காரர்கள் மேல் திரும்பியது. சகாக்கள் வஸ்னெசென்ஸ்கியும் குஸ்னெத்சோவும் 1950-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் கோசிகின் காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது, சாயங்காலம் தான் திரும்பி வராவிட்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்று மனைவி க்ளாவ்தியாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போவாராம். மருமகன் எழுதியிருக்கிறார். தினமும் இப்படி வீட்டை விட்டுக் கிளம்பினால் யாருக்குச் சிரிப்பு வரும்?

எப்படியோ தப்பித்து, 1964-ல் பிரதமர். தொழிற்சாலைகளை உற்பத்தி அளவை வைத்து எடை போடாமல், விற்பனையையும் லாபத்தையும் பார்க்கலாம் என்று 1965-ல் சீர்திருத்தம் கொண்டுவந்தார். (டன் கணக்கில் டார்கெட் வைத்தால் எவன் குண்டூசி செய்வான்?) பிரெஷ்நெவ் தரப்பு அதைச் சத்தமில்லாமல் ஊறப்போட்டது. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார். அன்றிரவே சாஸ்திரி இறந்துபோக, சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர், அயூப் கானும் ஒருவர்.

1967 மே 1. க்ளாவ்தியா ஆஸ்பத்திரியில். இவர் செஞ்சதுக்க மேடையில் மே தின அணிவகுப்பைப் பார்த்தபடி நிற்கிறார். அன்றைக்கே அந்தம்மா போய்ச்சேர்ந்துவிட்டார்.

1980 அக்டோபரில் உடம்பு முடியாமல் பதவி விலகினார். டிசம்பர் 18-ல் இறந்தார். மறுநாள் பிரெஷ்நெவின் 74-வது பிறந்த நாள். விழா நேரத்தில் சாவுச் செய்தியா? அமுக்கிவைத்து, கொண்டாட்டம் முடிந்த பிறகுதான் வெளியே சொன்னார்கள். 16 வருஷம் பிரதமராக இருந்த மனுஷர்!

என் கணக்கு நோட்டு பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது.