குறை மையில் இல்லை

கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கங்களிலும் தேயிலைப் பைக்கும் கடைப் பைக்கும் அச்சடிக்கிற சிறு பட்டறைகளில் எப்போதும் கேட்கிற முறைப்பாடு ஒன்றுதான்: டேப் ஒட்டி இழுத்தால் எழுத்து உரிந்து வந்துவிடுகிறது. உடனே மையை மாற்றுகிறார்கள். மை நல்ல மைதான். நான் முதலில் தொட்டுப் பார்ப்பது பொலித்தீனின் மேற்பரப்பை.

பொலித்தீனும் பொலிப்புரொப்பிலீனும் காபனும் ஐதரசனும் மட்டுமே சேர்ந்தவை. மை பற்றிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. சேம்பிலையில் விழுந்த மழைத்துளிபோல மை தன்னைத் தானே சுருட்டிக்கொள்கிறது. எங்கள் கணக்கில் இவற்றின் மேற்பரப்பு ஆற்றல் 30, 31 டைன். மை பிடிக்க 38 ஆவது வேண்டும், நீரில் கரைத்த மைக்கு 40க்கு மேல்.

அந்த இடைவெளியை நிரப்புவது பிளாஸ்மா. உயர் மின்னழுத்தத்தில் காற்று உடைந்து ஊதா நிறத்தில் ஒளிர்கிறது, ஓசோன் மணக்கிறது. வேகமான இலத்திரன்கள் மேற்பரப்பின் பிணைப்புகளை அறுக்கின்றன. அறுந்த இடங்களில் ஒட்சிசன் வந்து அமர்கிறது. இலத்திரன்கள் மட்டுமே கொதிப்பதால், வாயு மொத்தத்தில் அவ்வளவு சூடாவதில்லை. அதனால்தான் மெல்லிய படலம்கூட உருகாமல் தப்புகிறது. மாற்றம் நடப்பது சில நனோமீற்றர் ஆழத்தில். அடியிலுள்ள பொலித்தீனுக்கு நடந்தது தெரியவே தெரியாது. அதன் பலமும் வளைவும் அப்படியே இருக்கின்றன. இத்தனை வருடமாகியும் இதை நினைத்தால் எனக்கு வியப்பு தீரவில்லை.

அச்சுத் தொழிலில் இதைக் கொரோனா என்கிறோம். 1950களில் டென்மார்க் பொறியியலாளர் வெர்னர் ஐஸ்பி அதை அச்சகங்களுக்கு ஏற்ற இயந்திரமாக வளர்த்தார். வெற்றிட அறையில் செய்யும் பிளாஸ்மா இதன் நிதானமான உறவு. ஆய்வுகூடங்களில் கலங்களை வளர்க்கும் பொலிஸ்ரைரீன் கிண்ணங்களும் இவ்வகை வேலையால்தான் கலங்களைப் பற்றிக்கொள்ள விடுகின்றன.

ஆனால் இந்த மாற்றம் நிலைப்பதில்லை. வைத்திருக்க வைத்திருக்க மேற்பரப்பு தன் பழைய குணத்துக்குத் திரும்புகிறது. வழுக்குவதற்காகப் படலத்தில் கலந்த பொருளும் மெல்ல மேலே வந்து பூசிக்கொள்கிறது. சூடான களஞ்சியத்தில் இது விரைவு. தொழிற்சாலையில் பதப்படுத்தி வந்த சுருளை மாதக்கணக்கில் கிடத்திவிட்டு அச்சுக்கு எடுத்தால் எழுத்து உரியத்தான் செய்யும். ஒக்டோபர், நவம்பரில் கண்டியில் மழை கொட்டும்போது இன்னொரு தொல்லை. ஈரக் காற்றில் கொரோனாவின் பயன் குறைகிறது. அந்த மாதங்களில் நான் மேற்பரப்பில் அளந்த டைன் எண்ணை நம்புவேன், இயந்திரத்தின் குமிழை அல்ல.

ஒட்டவில்லை என்று மின்சக்தியைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. சங்கிலிகள் அதிகமாக அறுந்தால் மேற்பரப்பில் உதிரித் துணுக்குகள் படிந்துவிடும். மை துணுக்கைப் பிடித்துக்கொள்ளும், துணுக்கு பொலித்தீனை விட்டுவிடும். அளவு காட்டும் எண் உயர்ந்திருக்கும், எழுத்தோ உரியும். இது எனக்குப் பிடித்த பாடம், ஏனெனில் இதில் கைப்பழக்கமும் நிதானமும் சேர்ந்தே வேண்டும்.

பட்டறை வைத்திருக்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சுருள் வாங்கும்போது எந்தப் பக்கம் பதப்படுத்தியது, எப்போது பதப்படுத்தியது என்று கேளுங்கள். 38 டைன் பேனா ஒன்றை மேசையில் வையுங்கள். அதனால் படலத்தில் இழுத்த கோடு இரண்டு வினாடி உடையாமல் நின்றால் அச்சடியுங்கள். துளித்துளியாகச் சுருங்கினால், மையைத் தொடாதீர்கள், சுருளை மீண்டும் பதப்படுத்துங்கள்.