அரைக் குழித் தோட்டம்

புதுவையில் நிலத்தை இன்றும் குழிக் கணக்கில்தான் பேசுகிறார்கள். பத்திரத்தில் ஆர் கணக்கு இருக்கலாம், வரைபடத்தில் சதுர மீட்டர் இருக்கலாம். தேநீர்க் கடையில் இருவர் மனை பேசினால் அது குழிதான். ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. பராசக்தியிடம் காணி நிலம் கேட்ட பாரதியும் 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாடகை வீட்டில்தான் வாழ்ந்தார் என்பது எங்களைப் போன்ற குடக்கூலிக்காரர்களுக்கு ஓர் ஆறுதல். எங்களுக்கு வாய்த்த மொட்டைமாடி இருபத்துநான்கு அடிக்குப் பன்னிரண்டு அடி. அதாவது அரைக் குழி. காணியில் இருநூறில் ஒரு பங்கு. பதின்மூன்று ஆண்டுகள் அந்த அரைக் குழியில் தொட்டி வைத்துச் செடி வளர்த்தோம்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருந்த அந்தப் பழைய வீட்டின் மாடிக்கு நாங்கள் இருவரும் குடிவந்தது 2012 சனவரியில். அதற்குச் சில நாள்கள் முன்னர்தான், 2011 டிசம்பர் 30 விடியலில், தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியிருந்தது. நிழலுக்குப் பேர்போன தெருக்களில் உச்சிவெயில் நேராக இறங்கியது. சாய்ந்த மரங்களை அறுத்துத் தெருமுனைகளில் குவித்திருந்தார்கள். எங்கள் தெருவின் குவியலில், வேம்புக்கும் தூங்குமூஞ்சிக்கும் இடையே, காகிதப்பூக் கொம்பு ஒன்று சொருகிக் கிடந்தது. பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே அதில் ஒரு முழம் வெட்டி வந்து, வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் விட்டுப்போன பெயின்ட் டப்பாவில் மணலை நிரப்பி ஊன்றினோம். மாசி முடிவதற்குள் துளிர்த்துவிட்டது. எங்கள் தோட்டத்தின் முதல் செடி அது.

மாடியில் தோட்டம் போடுவதென்றால் முதலில் கேட்க வேண்டியது செடியையன்று, கூரையை. அந்த வீட்டுக் கூரை மெட்ராஸ் டெரஸ் வகை. தேக்கு உத்திரங்களின் குறுக்கே சட்டங்கள். சட்டங்களின்மேல் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிய சிறுசெங்கல். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த தளம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. நூறாண்டு தாங்கும், ஆனால் நடுவயிற்றில் பாரம் பொறுக்காது. ஒரு கன அடி ஈரமண் நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. "சுவத்தோரமா வையுங்க, நடுவுல ஒரு துளசிகூட வேணாம்" என்றார் பார்க்க வந்த கொத்தனார். ஆகவே எங்கள் தோட்டம் நான்கு சுவர்களையும் ஒட்டிய ஒரு கரையாகவே வளர்ந்தது. நடுவில் வெற்றுத்தளம். நாளடைவில், எங்கள் பகுதியின் பழைய வீடுகளில் தாழ்வாரங்களுக்கு நடுவே வானம் பார்த்துக் கிடக்கும் முற்றத்தின் அமைப்பு அதற்கு வந்துவிட்டது. கீழ்த்தள முற்றத்தை வீட்டுக்காரர் எப்போதோ தகரக்கூரை போட்டு மூடிவிட்டிருந்தார். மேலே இன்னொன்று தானாக முளைத்தது.

தொட்டிகளைச் சேர்த்த கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறோம். நல்லவை வில்லியனூர்ச் சுடுமண் தொட்டிகள். அவ்வூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. நாங்கள் வாங்கியவையோ வேலைப்பாடு ஏதுமற்ற, மீட்டராகப் பார்த்தால் பாதிகூட உயரமில்லாத சாதாரணத் தொட்டிகள். சுடுமண்ணுக்கு மூச்சு உண்டு. பக்கவாட்டிலும் நீரைக் கசியவிடும், வேரழுகல் குறைவு. கீரைக்கு மட்டும் மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகள். பெரிய மார்க்கெட்டில் கேட்டால் கொடுப்பார்கள். மூன்று நாள் வெயிலில் காயவைத்து, சாம்பல் தேய்த்துக் கழுவிய பின்னும், எங்கள் அரைக்கீரை முளைத்து நான்கு விரற்கடை வரும்வரை தெருப்பூனைகள் அதைச் சுற்றிவந்து முகர்ந்துகொண்டே இருந்தன. மண் கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண். அதனுடன் மக்கிய சாணஎரு, எடையைக் குறைக்கத் தென்னைநார்க் கழிவு. அவ்வளவுதான் சூத்திரம். புத்தகங்களில் காணும் பன்னிரண்டு பொருள் கலவைகளில் எங்களுக்கு நம்பிக்கையில்லை.

தண்ணீர்தான் கடினம். கடலோர நகரத்தின் நிலத்தடி நீரில் உப்பு. ஆழ்குழாய் நீரை ஊற்றினால் இரண்டே மாதத்தில் சுடுமண் தொட்டியின் விளிம்பில் வெள்ளை பூத்துவிடும். இந்த ஊரின் தாகம் பழையது. பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபமே, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல நீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுந்ததுதான். தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஒரு தேவதாசியின் பெயரை, அவள் கதையைக் கேட்ட பிரெஞ்சு அரசு அதற்கு இட்டது என்பார்கள். நாங்கள் மழைநீரைப் பீப்பாயில் பிடித்துத் துணியால் கட்டிவைத்தோம். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் எதுவும் சாக்கடைக்குப் போனதில்லை. தொட்டிக்கடியில் வைக்கும் தட்டுகளில் மணல் நிரப்பியிருப்போம். கொசுப்புழு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் அதைப் பார்த்துத் தலையசைப்பார். நோய்ப்பரப்பிகளை ஆராய்வதற்கென்றே 1975 முதல் ஒரு மத்திய நிறுவனம் இயங்கும் ஊர் இது. பூந்தொட்டித் தட்டும் இங்கே சந்தேகத்துக்கு உரியதுதான்.

இவ்வளவு பாட்டுக்கும் கிடைத்தது என்ன என்று கேட்பவர்கள் உண்டு. காசுக்கணக்கில் ஒன்றுமில்லை. கார்த்திகையில் கவாத்து செய்த குண்டுமல்லி பங்குனியில் மொட்டு வைக்கும். அந்தி சாயுமுன் பறித்துக் கட்டினால் ஒரு முழத்துக்குக் காணாது. கால் முழம் தேறும். அந்தக் கால் முழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், வாடிக்கையாகப் பூ தரும் அம்மா, "சொந்தத் தோட்டமாக்கும்" என்பார். அந்த 'ஆக்கும்' பல முழங்களுக்குச் சமம். பத்துமணிப்பூ கைப்பிடிச் சுவரில் வரிசையாக இருந்தது. பெயர் பத்துமணி என்றாலும் சித்திரை வெயிலில் எட்டரைக்கே மலர்ந்துவிடும். மூட்டமான நாளில் நண்பகல்வரை கண்ணைத் திறக்காது. எங்களில் ஒருவர் அலுவலகம் கிளம்பும் நேரத்தை அதை வைத்தே தோராயமாக அறிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது.

கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கன்று இடுப்பளவு வளர்ந்த ஆண்டு, தளிரிலையின் மேல் கடுகைவிடச் சிறிய மஞ்சள் முட்டைகள் தென்பட்டன. பின்பு பறவை எச்சம் போன்ற ஏதோ ஒன்று. துடைக்கப்போன விரலுக்கு அது நகர்ந்தது. கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் புழு அது. இளமையில் எச்சம்போல் கிடந்து பறவைகளை ஏமாற்றும். வளர்ந்தபின் இலைப்பச்சைக்கு மாறும். தீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற சிவந்த கொம்பை நீட்டி நாறும். வேப்பெண்ணெய்க் கரைசலைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவரை மற்றவர் தடுத்தார். நீண்ட வாதத்துக்குப்பின் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: ரசத்துக்கு நாளுக்கு இரண்டு இணுக்கு, மீதி புழுவுக்கு. அவ்வாண்டு ஆவணியில் ஏறத்தாழ ஒரு வாரம் எங்கள் ரசத்தில் கறிவேப்பிலையே இல்லை. கூட்டுப்புழு உடைந்து, கருஞ்சிறகில் வெள்ளைப்பட்டையோடு அது வெளிவந்து, சிறகு உலரும்வரை தொட்டி விளிம்பில் தொங்கிக் கொண்டிருந்ததை இருவரும் அலுவலகத்துக்குத் தாமதமாகிப் பார்த்தோம். அதன் பெண்களில் சில, நஞ்சுடைய வேறொரு பட்டாம்பூச்சியின் வேடத்தில் சிவப்புப் புள்ளிகளோடு வரும் என்பதை அப்புறம் படித்து அறிந்தோம். அடுத்த ஆண்டு அப்படி ஒன்று வந்தும்விட்டது.

எதிர் மாடியில் ஒரு முதிய பெண்மணி இருந்தார். நாள்தோறும் ஆசிரமத்துச் சமாதிக்குப் பூக்கொண்டு செல்பவர். 1914இல் முதன்முதலாக இங்கே வந்து 1920இல் நிலையாகத் திரும்பிய அன்னை எண்ணூற்றுக்கும் மேற்பட்ட மலர்களுக்கு அகப்பொருள் கண்டு பெயரிட்டிருக்கிறார். எதிர்மாடி அம்மையார் எங்கள் தொட்டிகளை அப்பெயர்களால்தான் விசாரிப்பார். துளசி, பக்தி. மல்லிகை, தூய்மை. பத்துமணிப்பூ, அரவிந்தரின் கருணை. "பாதுகாப்பு எப்படி இருக்கு? தண்ணி ஊத்துனீங்களா?" என்றால் காகிதப்பூவைக் கேட்கிறார் என்று பொருள். நாங்கள் அவ்வழியில் நம்பிக்கை உடையவர்களல்லர். ஆயினும் ஒரு செடியைப் பக்தி என்றும் இன்னொன்றைக் கருணை என்றும் கூப்பிட்டு நலம் விசாரிக்கும் ஊரில் வாழ்வது எங்களுக்குப் பிடித்தே இருந்தது.

காகிதப்பூவைப் பிரெஞ்சுக்காரர்களின் செடி என்றே சுற்றுலா வருவோர் நினைக்கிறார்கள். மஞ்சள் சுவரில் அது படர்ந்து கிடப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பெயர்தான் பிரெஞ்சு, செடி தென்னமெரிக்காவினுடையது. 1766இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட பூகன்வில்லின் பயணத்தில், அடுத்த ஆண்டு ரியோ தெ ஜனேரோவில் கொம்மர்சோன் என்ற தாவரவியலாளர் இதைச் சேகரித்தார். அவருடன் உதவியாளாக, ஆண்வேடமிட்டு வந்தவர் ழான் பாரே; உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அறியப்படுபவர். செடிக்குத் தலைவரின் பெயர் வந்தது. மூட்டை சுமந்தவரின் பெயர் வரவில்லை. பூவிலும் அதே கதைதான். நாம் பூ என்று பார்க்கும் வண்ணமெல்லாம் பூவடி இலைகள். உண்மையான பூ, நடுவில் மெலிந்த வெள்ளைக் குழல்களாக யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது.

ஒருவகையில் இவ்வூர்த் தோட்டங்களுக்கெல்லாம் மூதாதை தொட்டிச்செடிதான். 1826இல் தொடங்கப்பட்ட இங்குள்ள தாவரவியல் பூங்காவைப் பேணி வளர்த்த பெரோத்தே, அதற்கு முன்பே ஜாவாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் உயிருள்ள செடிகளைக் கப்பலில் ஏற்றிக் கடல்கள் கடந்து கொண்டுசென்றவர். பட்டுப்புழுவுக்கான ஒரு முசுக்கட்டை வகையை 1821இல் பிரான்சுக்குக் கொண்டுபோனவரும் அவரே. 1870இல் இதே புதுவையில் இறந்தார். மாதக்கணக்கில் ஆடும் கப்பலில், குடிக்கும் நீரிலேயே பங்கு கொடுத்து ஒரு செடியைக் காப்பாற்றியவர்கள் எங்களைவிடப் பெரிய தொட்டித் தோட்டக்காரர்கள்.

எங்கள் காகிதப்பூவோ தொட்டியில் இருக்கச் சம்மதிக்கவில்லை. பெயின்ட் டப்பாவிலிருந்து பெருந்தொட்டிக்கு மாறிய மூன்றாம் ஆண்டில் அடித்துளை வழியே வேரை இறக்கி, சுண்ணாம்புச் சுவரின் விரிசலில் நுழைந்துவிட்டது. தொட்டியை அசைத்தால் அசையவில்லை. கொடி கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் சரிந்து, வாசலுக்கு மேலே தொங்கியது. வெளியூர்ப் பெண்கள் அதன்கீழ் நின்று படமெடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையேறி, நகராமல் நின்று பெய்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. சிறு தொட்டிகளை முன்னரே உள்ளே எடுத்துவிட்டோம், பெரியவற்றைப் படுக்கவைத்தோம். காகிதப்பூ மட்டும் வெளியே தனியாக இரவெல்லாம் சுவரை அறைந்துகொண்டிருந்தது. விடிந்தபோது ஓர் இலைகூட இல்லை, கொடி முழுதாக இருந்தது. கீழ்வீட்டு நடையில் நீர் கசிந்திருந்தது. வீட்டுக்காரர் எங்கள் தொட்டிகளைக் காட்டினார். கொத்தனார் ஏறிப் பார்த்து, தொட்டியே இல்லாத மேற்கு மூலையில் மழைநீர்க் குழாயின் வாயை வேப்பிலை அடைத்திருப்பதைக் காட்டினார். ஆனாலும் பேச்சு பேச்சாகவே நின்றது. தையில் வீடு விலையாயிற்று. வாங்குபவர்கள் அதை விருந்தினர் விடுதியாக்கப் போகிறார்கள்.

"தொட்டியெல்லாம் எடுத்துட்டுப் போங்க சார். அந்தப் பூக்கொடிய மட்டும் விட்ருங்க. அதப் பாத்துத்தான் அவங்களுக்கு வீடே புடிச்சுப்போச்சு."

வழக்குரைஞரான நண்பர் கொதித்தார். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, குடியிருப்பவர் தாம் மண்ணில் ஊன்றியதை, வீட்டைக் காலி செய்யுமுன் எடுத்துச்செல்லலாமாம். சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. செடி சுவரின் பக்கம் இருந்தது. வேரைப் பிடுங்கினால் கைப்பிடிச் சுவர் பாதி கூடவே வரும் என்றார் கொத்தனார். தரையோடு அறுத்து எடுத்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். இரண்டு புயலைத் தாங்கியதை அரிவாளுக்குக் கொடுக்க எங்கள் இருவருக்குமே மனமில்லை. விட்டுவிட்டோம். புறப்படும் நாளில் எதிர்மாடி அம்மையார் அழுதது எங்களுக்காகவா, அதற்காகவா என்று இன்றும் எங்களுக்குள் வழக்கு உண்டு.

அதற்கு முன்பே, பென்சில் பருமனில் பத்துப் போத்துகளை வெட்டி மணலில் ஊன்றியிருந்தோம். நான்கு பிடித்தன. ஒன்றை அம்மையாருக்குக் கொடுத்தோம், ஒன்றை வழக்குரைஞருக்கு. மற்ற இரண்டும் எழுபத்திரண்டு தொட்டிகளோடு குட்டியானை வண்டியில் இரண்டு நடையாக லாஸ்பேட்டைக்கு வந்தன. புது வீடு கான்கிரீட். நடுத்தளத்திலும் பாரம் வைக்கலாம் என்கிறார்கள். எங்களுக்குக் கை வரவில்லை, சுவரோரமாகவே அடுக்கியிருக்கிறோம். கறிவேப்பிலைக்கு இங்கே மாலை வெயில் போதவில்லை. குண்டுமல்லியைக் கார்த்திகையில் கவாத்து செய்ய வேண்டும். காகிதப்பூத் தொட்டிகள் இரண்டின் அடியிலும் ஒரு கருங்கல் பலகையைக் கொடுத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை தூக்கிப் பார்க்கிறோம்.