காவிரித் தீவில் இலையுதிர் காலம்

அயல்நாடுகளில் வாழும் பிள்ளைகள் ஐப்பசியில் அனுப்பும் படங்களில் மேப்பிள் மரங்கள் செந்தீயென ஒளிர்வதைக் கண்டு வியக்கிறோம். அத்தகைய வண்ணக்கோலம் நம் திருச்சிராப்பள்ளியிலும் உண்டு, காலம்தான் வேறு. மாசியும் பங்குனியுமே இங்கு இலையுதிரும் பருவம்.

நிலத்தின் ஈரம் வற்றத் தொடங்கியதும் அரசமரம் தன் இலைகளின் சத்தைத் தனக்குள் மீட்டுக்கொள்கிறது. பச்சையம் நீங்கிய இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. வீதியோர வாதுமை இலைகளோ உதிருமுன் குங்குமமாய்ச் சிவக்கின்றன. ஆயினும் குளிர்நாட்டு மரங்களைப் போல நம் அரசு நெடுநாள் வெறுங்கிளையாய் நிற்பதில்லை. விரைவிலேயே செம்புநிறத் தளிர்களைச் சூடிக்கொள்கிறது. வெயிலிலிருந்து இளந்தளிரைக் காக்கும் கவசம் அச்செம்மை. பச்சையம் நிறைந்ததும் அது மறைந்துவிடும்.

திருவரங்கம் பெரிய கோயிலில், சந்திரபுஷ்கரிணிக் கரையிலுள்ள தலவிருட்சமாகிய புன்னை ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது. அதே தீவில் கிழக்கே அமைந்த திருவானைக்காவின் தலவரலாறோ உதிரும் சருகிலிருந்தே தொடங்குகிறது.

அங்கு வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளியிருந்த ஜம்புகேசுவரர் திருமேனியில் சருகுகள் விழாதவாறு, சிலந்தி ஒன்று மேலே வலை பின்னியது. நீரும் மலரும் கொண்டு வழிபட வந்த யானை, அவ்வலையை அசுத்தமெனக் கருதி அழித்தது. சிலந்தி மீண்டும் பின்னியது. யானை மீண்டும் அழித்தது. இறுதியில் சினம் கொண்ட சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. அச்சிலந்தியே கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்து, யானை புக இயலாத மாடக்கோயில்களை எழுப்பியது என்பர்.

இரண்டும் விரும்பியது ஒன்றே: பெருமான் திருமேனி தூய்மையாக விளங்க வேண்டும் என்பது. ஒன்றன் தொண்டு மற்றொன்றன் கண்ணுக்குக் குறையாகத் தோன்றியதே பகையாயிற்று. நம் இல்லங்களிலும் பூசையறையில் மூத்தோர் முறையும் இளையோர் முறையும் மோதுவது இவ்வாறன்றோ? விளக்கைத் துலக்கும் விதத்திலும் கோலமிடும் விதத்திலும் வேறுபாடு இருக்கலாம், அன்பு ஒன்றே.

இத்தலத்தில் பங்குனியில் நிகழும் பஞ்சப்பிராகார விழாவில் சுவாமி பெண் கோலத்திலும் அம்பாள் ஆண் கோலத்திலும் திருவீதி உலா வருகின்றனர். ஒருவர் கோலத்தை மற்றவர் ஏற்கும் அக்காட்சி, பிறர் நிலையில் நின்று பார்க்குமாறு நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம். சருகுக்கும் தளிருக்கும் கிளை ஒன்றுதான். இந்த உண்மையை அரசு ஆண்டுதோறும் செந்தளிரால் எழுதிக் காட்டுகிறது. பங்குனியில் திருவானைக்கா செல்லும் அன்பர்கள், வழியிலுள்ள அரசின் நிழலில் சற்றே நின்று நிமிர்ந்து நோக்குக.