தீட்டுத் தட்டான்

சின்ன வயசில் தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டி, கல்லுத் தூக்க விடுவோம். சரவெடி பின்னப் போகிற அம்மாவின் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்த நூல் அது. ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் அந்த விளையாட்டு. மற்ற நாள் விடியறதுக்கு முன்னமே தீப்பெட்டி ஆபீசு வேன் தெருமுனையில் ஆரன் அடிக்கும். 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வைக்கக் கூடாது என்று 1986இல் சட்டம் வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயசு. குடும்பத்தோடு வீட்டில் செய்தால் குத்தமில்லை என்று அதிலேயே ஒரு சந்தும் விட்டிருந்தார்கள். எங்களுக்குச் சட்டம் தெரியாது, வேன் தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு, சிநேகிதனின் கேமராவை வாங்கிக்கொண்டு ஆனைக்குட்டம் அணைக்குப் போனேன். அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டிய அணை. கரையோரம் தேங்கி நாறுகிற தண்ணீரில்தான் தட்டான் கூட்டம். துரத்தினால் படம் கிடைக்காது. இரையைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்புகிறது. குச்சிப் பக்கத்தில் குத்தவைத்தால் போதும். ஆணுக்குச் சிறகில் ஆரஞ்சு நிறம், பெண்ணுக்கு வெளுத்த மஞ்சள். குஞ்சாகத் தண்ணீருக்குள் கிடக்கையில் கொசுப்புழுவைத் தின்னும்.

1793இல் ஃபேப்ரீசியஸ் என்ற டென்மார்க்காரர் இதற்கு வைத்த பேர் கன்டாமினேட்டா. லத்தீனில் கறைபட்டது, தீட்டானது என்று அர்த்தம். சாக்கடைத் தண்ணீரிலும் பிழைக்கிற பூச்சிக்குப் பேரிலேயே முத்திரை. (தட்டான் என்பதும் நம்மூரில் ஒரு சாதிப்பேர்தானே!)

உச்சிவெயிலில் ஆடு மேய்த்த பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். படங்களைக் காட்டினேன்.

"அடேயப்பா, கண்ணு எம்மாம் பெருசு! தண்ணி குடிக்கிறீகளா சார்?" என்று கேனைத் திறந்தார். "சாருக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊருல எங்கிட்டு?"

"காலனி."

கேன் மூடியைத் திருகினார். "இங்கெல்லாம் என்னத்துக்குப்பா வந்த?" என்றார். ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும் மட்டும் இருந்து எழுபது படம் எடுத்தேன். மூணு தேறும்.

ராத்திரி அம்மாவிடம் காட்டினேன். "லீவு நாள்ல பூச்சி பாக்கவாடா போன?" என்று திட்டிக்கொண்டே வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நூலு கட்டாம எப்பிடிடா இம்புட்டு நேரம் ஒரு எடத்துல இருந்துச்சு?"